கித்தார்ச் சாவியின் கதை



நம் நாட்டு இசைக்கருவிக் கடையில் மலாய் மொழியில் "கித்தார் கப்போக்" என்று கேட்டுப் பாருங்கள். மின்சாரம் இல்லாமல் வாசிக்கும் மரக் கித்தாரைக் கடைக்காரர் எடுத்து நீட்டுவார். கப்போக் என்றால் இலவ மரம். கித்தாரை யாரும் இலவ மரத்தில் செய்வதில்லை. பிறகு ஏன் அந்தப் பெயர்? சீனாவின் குவாங்சோ நகரத்துக்குச் செவ்விலவம் பூதான் நகரப் பூ. அந்நகரத்துத் தொழிற்சாலை ஒன்று தான் செய்த கித்தார்களுக்குக் கப்போக் என்று பெயரிட்டது. விலை குறைந்த அந்தக் கித்தார்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நிறைய விற்றன. நாளடைவில் வணிகப் பெயரே பொதுப் பெயராகிவிட்டது. ஒரு வணிகப் பெயருக்கு இவ்வளவு வலிமை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவைக்கிறோம். நம் பேச்சு முழுவதும் பெயர்களைப் பற்றியதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன், நமக்குப் பழக்கமான ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஒரு தகப்பனார் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகன் கோயில் பஜனையிலும் கல்யாண வீடுகளிலும் கித்தார் வாசிப்பவன். பழைய கித்தார், யாரோ வாசித்துக் கொடுத்தது. இரண்டு பாட்டு வாசிப்பதற்குள் சுருதி இறங்கிவிடுகிறது. பட்டணத்துக் கடை ஒன்றில் காட்டியிருக்கிறார்கள். "சாவி பிடிக்கவில்லை, ஆறு சாவியையும் மாற்றுங்கள், நல்ல வெளிநாட்டுப் பெயராகப் பாருங்கள்" என்று அங்கே சொன்னார்களாம். விலையைக் கேட்டால் வீட்டு மளிகைக்கு மூன்று வாரம் ஆகிற தொகை. "ஐயா, குரோவர் என்கிறார்கள், ஷாலர் என்கிறார்கள், கோட்டோ என்கிறார்கள். எது நல்லது?" என்றார் அவர். ஒரே சொல்லில் நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று சற்று விரிவாகச் சொல்லப் போகிறோம்.

கித்தாரின் தலையில் இரு பக்கமும் மூன்று மூன்றாக இருக்கும் திருகுகளைப் பிள்ளைகள் 'டியூனிங் கீ' என்பார்கள். நாம் சாவி என்றே சொல்வோம். அதன் வேலை கம்பியை முறுக்கி இழுத்து, சுருதிக்குக் கொண்டுவந்து, அங்கேயே நிறுத்திவைப்பது. இழுப்பது எளிது, நிறுத்திவைப்பதுதான் கடினம். எஃகுக் கம்பிகள் ஆறும் சுருதியில் நிற்கும்போது கித்தாரின் தலையை ஏறக்குறைய 70 கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டிருக்கின்றன. 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கித்தார் சுவரில் சும்மா தொங்கும்போதுகூட அந்த இழுப்பு ஓய்வதில்லை.

பழங்காலத்தில் கித்தாருக்கு இரும்புச் சாவி கிடையாது. நம் வீணையில் பிருடை இருக்கிறதல்லவா, அதுபோன்ற மர முளைகள்தான் இருந்தன. நுனி சிறுத்த முளையைத் துளைக்குள் அழுத்திச் செருகுவார்கள். மரமும் மரமும் உராயும் பிடிப்பில்தான் நரம்பு நிற்கும். மழைக்காலத்தில் மரம் ஊறிப் பிருடை இறுகிக்கொள்ளும். வெயிற்காலத்தில் தளர்ந்து, பாதி ஆலாபனையில் கழன்று சுழலும். வீணை கற்ற வீட்டார் இந்தப் பாட்டை அறிவார்கள். மர முளையில் இன்னொரு சிரமமும் உண்டு. முளையை ஒரு சுற்றுச் சுற்றினால் நரம்பும் ஒரு முழுச் சுற்று ஏறிவிடும். மயிரிழை அளவு ஏற்ற வேண்டுமென்றால் விரலுக்கு மிகுந்த பழக்கம் வேண்டும். ஸ்பெயின் நாட்டில் பிளமெங்கோ இசைக்குக் கித்தார் செய்தவர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் மர முளையை விடவில்லை. அது கனம் இல்லாதது என்பது அவர்கள் நியாயம். இங்கோ சில வீணைகளில்கூட இன்று பிருடையை எடுத்துவிட்டுக் கித்தார்ச் சாவியைப் பொருத்துகிறார்கள்!

இந்தச் சிரமத்தைத் தீர்க்க ஐரோப்பியர் பலவாறு முயன்றார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் ஜான் பிரெஸ்டன் என்ற கருவி வணிகர், கம்பியின் முனையை ஒரு கொக்கியில் மாட்டி, அந்தக் கொக்கியை ஒரு நீண்ட திருகால் மேலே இழுக்கும் முறையைப் பரப்பினார். அந்தத் திருகைத் திருப்பச் சட்டைப்பைக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் அந்தச் சின்னச் சாவியையே பயன்படுத்தினார்கள். அது இன்றைய கித்தார் அன்று. 'இங்கிலீஷ் கித்தார்' என்று வழங்கிய வேறொரு கருவி. ஆனாலும் உராய்வை நம்பாமல் திருகை நம்புவது என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வியன்னா நகரில் யோஹான் கியோர்க் ஷ்டாவுஃபர் என்ற புகழ்பெற்ற கித்தார்த் தச்சர் இருந்தார். ஆறு சாவிகளையும் தலையின் ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்து, பல்சக்கரங்களை உலோகத் தகட்டுக்குள் மறைத்துச் செய்த கித்தார் அவர் பட்டறையின் அடையாளம். அவரிடம் தொழில் கற்றவர்களில் ஒருவர் கிறிஸ்தியான் பிரெடரிக் மார்ட்டின். 1796இல் ஜெர்மனியின் சாக்சனி நாட்டு மார்க்நோய்கிர்கன் என்ற ஊரில் பிறந்தவர். மேசை நாற்காலி செய்யும் தச்சர் குடும்பம். அந்த ஊரில் வயலின் செய்பவர்களுக்குத் தனிச் சங்கம் இருந்தது. "மேசை செய்கிறவன் கித்தார் செய்யக் கூடாது, அது எங்கள் தொழில்" என்று சங்கத்தார் அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. தச்சர்களின் உரிமை பறிபோகவில்லை என்றாலும், மார்ட்டினுக்கு அந்த ஊர் கசந்துவிட்டது. 1833இல் மனைவி மக்களோடு கப்பலேறி நியூயார்க் போய்ச் சேர்ந்தார். பிறந்த ஊரில் வழி அடைபட்டுக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தப் பயணத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சில ஆண்டுகளில் அவர் பென்சில்வேனியா மாநிலத்தின் நாசரேத் ஊர்ப் பக்கம் குடியேறினார். அவர் பெயரிலுள்ள தொழிற்சாலை இன்றும் அங்கேதான் இருக்கிறது. மார்ட்டின் முதலில் செய்த கித்தார்களில் ஷ்டாவுஃபர் முறைப்படி ஒரு பக்கச் சாவிகளைக் காணலாம். ஐரோப்பாவிலிருந்து வந்த உலோகச் சாவி விலை கூடியது. மர முளை மலிவு. ஆகையால் அந்த நூற்றாண்டு முழுவதும் அவர் கடையில் இரண்டும் விற்றன.

இனி, சாவிக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம். லாரிச் சக்கரம் மாற்றத் திருகு ஜாக்கி வைத்து உயர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். கைப்பிடியை விட்டுவிட்டாலும் லாரி கீழே இறங்காது. திருகைச் சுற்றினால் பாரம் நகரும். பாரத்தை அழுத்தினால் திருகு சுற்றாது. கித்தார்ச் சாவியிலும் இதே நியாயந்தான். நாம் விரலால் திருப்பும் பிடியின் மறுமுனையில் ஒரு சிறு திருகு. அது ஒரு சின்னப் பல்சக்கரத்தைத் தள்ளுகிறது. பல்சக்கரத்தோடு சேர்ந்தது கம்பி சுற்றும் முளை. திருகு ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். சக்கரத்தில் 14 பல் இருந்தால், பிடியை 14 முறை சுற்றினால்தான் முளை ஒரு முறை சுற்றும். 18 பல் என்றால் 18 முறை. முளையின் பருமன் 6 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 12 பல் சாவியில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் கம்பி ஏறும். 18 பல் சாவியில் ஒரு மில்லிமீட்டர்தான் ஏறும்.

இந்தச் சிறு கணக்கு ஏன் முக்கியமாயிற்று? கம்பி மாறியதுதான் காரணம். பழைய கித்தாரில் விலங்குக் குடலில் திரித்த நரம்பு. அது நன்றாக நீண்டு கொடுக்கும். சற்று அதிகம் முறுக்கினாலும் சுருதி மெதுவாகவே ஏறும். எஃகு அப்படியன்று. கொஞ்சம் இழுத்தாலே சுருதி தாவிவிடும். மார்ட்டின் நிறுவனம் 1922இல் எஃகுக் கம்பிக்கென்றே ஒரு கித்தாரைச் செய்யத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்காவில் எஃகுக் கம்பியே பெருவழக்காயிற்று. இழுப்பு கூடியது, நுணுக்கமும் கூடியது. நல்ல சாவிக்குத் தேவை பிறந்தது இப்போதுதான்.

அந்த நேரம் பார்த்து, 1925இல் சிகாகோ நகரில் ஜான் குளூசன் என்பவர் சாவி செய்யும் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். தகட்டை அச்சில் அழுத்தி ஒரு மூடி செய்து, அதற்குள் திருகையும் சக்கரத்தையும் வைத்தது குளூசன் சாவி. மூடியில் எண்ணெய் விட ஒரு சிறு துளையும் வைத்தார்கள். மலிவு, கனமும் குறைவு. கிப்சன், பெண்டர் முதலிய பெரிய நிறுவனங்களின் கித்தார்களில் ஒரு காலத்தில் இந்தச் சாவிதான்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசு இசைக்கருவிகளுக்கு உலோகத்தைக் கட்டுப்படுத்தியது. மார்ட்டின் நிறுவனம் கித்தாரின் கழுத்துக்குள் வைத்த எஃகுச் சட்டத்தை விட்டுவிட்டுக் கருங்காலி மரத்தை வைத்தது. சாவிகளும் மிக எளிய தகட்டுச் சாவிகளாகி, பிடிகள் பிளாஸ்டிக்கில் வந்தன. அதே ஆண்டுகளில் நம் மூத்தோர் சயாம் ரயில்பாதையில் பட்ட பாட்டை நினைக்கும்போது, இதையெல்லாம் ஒரு பஞ்சம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. குளூசனின் பிளாஸ்டிக் பிடிகளுக்கு மட்டும் ஒரு குறை உண்டு. பல ஆண்டுகள் கழிந்தால் அவை சுருங்கி, வெடித்து, கையோடு உதிர்ந்துவிடும். உள்ளே சக்கரம் நன்றாகவே இருக்கும். திருப்பப் பிடி இருக்காது.

குளூசனுக்குப் போட்டியாக வந்த பெயர் குரோவர். 'ரோட்டோமேட்டிக்' என்ற அதன் சாவியில் அச்சில் வார்த்த கனமான உலோகக் கூடு. உள்ளே கொழுப்பு மசகு இட்டு முழுவதும் மூடியிருப்பார்கள். தூசி நுழையாது, எண்ணெய் விடும் வேலையும் இல்லை. பிடியும் உலோகம், உதிராது. 14 பல். 1960களில் இதற்கு வந்த மதிப்பு கொஞ்சநஞ்சமன்று. மார்ட்டினும் தன் பெரிய கித்தார்களில் இதைப் பொருத்தத் தொடங்கியது. இங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது. வேடிக்கை என்பதைவிட நட்டம் என்று சொல்வதே பொருத்தம். குளூசன் சாவி போட்டிருந்த நல்ல கித்தார்களை வைத்திருந்தவர்கள், "குரோவர்தான் உயர்வு" என்று அவற்றைப் பிடுங்கி எறிந்தார்கள். குரோவரின் முளை பெரியது. பழைய துளையில் நுழையாது. ஆகவே துளையைக் குடைந்து அகலமாக்கினார்கள். பின்னாளில் பழைய கித்தார்களுக்குப் பெரும் விலை வந்தபோது, குடைந்த கித்தார்களின் விலை இறங்கிப் போயிற்று. சாவியை மறுபடியும் மாற்றலாம். குடைந்த மரத்தை எங்கே போய் வாங்குவது?

ஜெர்மனியில் ஹெல்முட் ஷாலர் என்பவர் 1945இல் நியூரம்பெர்க் அருகே தொழில் தொடங்கினார். நாடே இடிந்து கிடந்த ஆண்டு அது. 1960களின் நடுவில் அவருடைய நிறுவனம் கொண்டுவந்த முழுதும் மூடிய சாவி உலகெங்கும் பரவியது. பின்னர் அமெரிக்க நிறுவனங்களே அதை வாங்கித் தங்கள் கித்தார்களில் பொருத்தின. திருப்பிப் பார்த்தால் கை அதை உடனே அறியும். எங்கும் ஆட்டம் இருக்காது, எண்ணெயில் ஓடுவது போல் ஓடும்.

ஜப்பானின் குன்மா மாவட்டத்தில் இசேசாக்கி என்ற ஊரில் இருப்பது கோட்டோ. ஒரு பெயருக்குள் எளியதும் உயர்ந்ததும் இரண்டும் இருக்கும் என்பதற்குக் கோட்டோ நல்ல எடுத்துக்காட்டு. பழைய குளூசன் துளைக்குள் அப்படியே பொருந்தும் சாவியும் செய்கிறார்கள். முழுதும் மூடிய 18 பல் சாவியும் செய்கிறார்கள். 21 பல் சாவியும் உண்டு. குடையாமல் மாற்ற வேண்டும் என்பவர்களுக்கு இவர்கள் செய்திருக்கும் உதவி பெரிது. நம்மைக் கேட்டால், கொடுத்த காசுக்கு வேலை செய்வதில் கோட்டோவை மிஞ்சியது குறைவு என்போம். இது நம் கருத்து. ஷாலர்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

அமெரிக்காவின் வேவர்லி என்ற பழைய பெயரை ஸ்டுவர்ட் மெக்டானல்ட் என்ற ஓஹாயோ நிறுவனம் புதுப்பித்தது. 16 பல், மூடியில்லாத திறந்த சாவி. பித்தளைச் சக்கரம் வெளியே தெரியும். கைத்தச்சர்கள் தங்கள் சிறந்த கித்தார்களுக்கு இதைத்தான் தேடுகிறார்கள். ஆனால் ஒரு செட்டு வேவர்லி வாங்கும் பணத்தில் பிள்ளைக்கு ஒரு நல்ல கித்தாரே வாங்கிவிடலாம். கனடாவின் கிராஃப் டெக் நிறுவனமோ ஆறு கம்பிக்கும் ஒரே அளவு ஏன் என்று கேட்டு, கம்பிக்குக் கம்பி பல் எண்ணிக்கையை மாற்றிச் செய்திருக்கிறது. கெட்டிக்கார யோசனைதான்.

திறந்த சாவியா, மூடிய சாவியா என்ற கேள்வியில் நம் நாட்டுக் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கே சுவரில் மாட்டிய கத்தரிக்கோலே துருப்பிடிக்கும். திறந்த சாவியில் தூசியும் ஈரமும் சேரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரே ஒரு துளி விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். மூடிய சாவிக்கு இந்த வேலை இல்லை. ஆனால் அது கனம். இலேசான கித்தாரில் ஆறு கனச் சாவிகளைப் பொருத்தினால், வாசிக்கும்போது தலை தரையை நோக்கித் தொங்கும். இடது கை அதைத் தாங்கியே களைத்துப்போகும்.

அந்தத் தகப்பனாரின் வீட்டுக்கு ஒரு மாலை போனோம். மகன் கித்தாரை எடுத்து வந்தான். கப்போக்கேதான், பக்கத்துக்கு மூன்று சாவியாகத் தகட்டில் அமைந்த எளிய திறந்த சாவிகள். திருகு பல்லைத் தள்ளும், பல் திருகைத் தள்ளாது என்று முன்னே சொன்னோம் அல்லவா? பல் தேயாத வரையில் எந்த மலிவுச் சாவியும் தானாகப் பின்னால் சுற்றாது. அப்படியிருக்கச் சுருதி எப்படி இறங்கும்? மூன்றாவது கம்பியை மெதுவாக முறுக்கச் சொன்னோம். முறுக்கும்போது சுருதி ஏறவில்லை. திடீரென்று 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது, உடனே சுருதி தாவியது. குற்றம் சாவியில் இல்லை. தலைக்கும் விரல் பலகைக்கும் நடுவில் கம்பிகள் படியும் வெள்ளைக் கட்டை இருக்கிறதே, அதன் பள்ளத்தில் கம்பி சிக்கிக்கொண்டிருந்தது. வாசிக்க வாசிக்கச் சிக்கு விடுபடும், சுருதி இறங்கும். பழி மட்டும் சாவியின் மேல்.

தங்கையின் பள்ளிக்கூடப் பென்சிலை வாங்கி, கம்பிகளைத் தளர்த்தி, பள்ளங்களில் கரியை நன்றாகத் தேய்த்தோம். முளையில் ஏழெட்டுச் சுற்று ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்த கம்பியை அவிழ்த்து, இரண்டு மூன்று சுற்றாக ஒழுங்காகச் சுற்றினோம். தகட்டை மரத்தோடு பிடிக்கும் சிறு திருகாணிகளில் இரண்டு ஆடின, அவற்றை முடுக்கினோம். சுருதி சேர்க்கும்போது எப்போதும் கீழேயிருந்து மேலே ஏற்றி நிறுத்தும்படி பையனிடம் சொன்னோம். மேலே போய்விட்டால் நன்றாக இறக்கி, மறுபடியும் ஏற்ற வேண்டும். அப்போதுதான் பல்லுக்கும் திருகுக்கும் நடுவிலுள்ள இடைவெளி கம்பிக்குச் சாதகமாக அடைபடும். அன்று இரவு எட்டுப் பாட்டு வாசித்தான். கம்பி அசையவில்லை.

மளிகைப் பணம் மளிகைக்கே போயிற்று. பையன் புதுக் கம்பி மட்டும் ஒரு செட்டு வாங்கிக்கொண்டான். ஒன்றரை ஆண்டு கழித்து மெய்யாகவே ஒரு சாவியின் பல் தேய்ந்து, பிடி சும்மா சுற்ற ஆரம்பித்தது. இந்தத் தடவை கடைக்குப் போகுமுன், பழைய தகட்டைக் கழற்றி எடுத்து, முளைக்கு முளை எவ்வளவு தூரம், துளை எவ்வளவு அகலம் என்று பள்ளிக்கூட அளவுகோலால் அளந்து, ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனான். அந்த அளவுக்குப் பொருந்திய தகட்டுச் சாவியே கிடைத்தது. மரத்தில் ஒரு புதுத் துளையும் போடவில்லை. அதன் மேல் எந்தப் பெயர் இருந்தது என்று பிறகு கேட்டோம். பார்க்கவில்லை என்றான்.